துப்புங்க மேஸ்திரி

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். என் வீட்டுக்காரர் ராஜவேல் மரக்காணம் உப்பளத்தில் காலமெல்லாம் மேஸ்திரியாக இருந்துவிட்டு அதைத்தான் மறந்தார்.

போன வருஷம் லாரிப் பலகையில் சறுக்கி விழுந்து இடுப்பு போனது. அதோடு அவரை மேஸ்திரி என்று கூப்பிடவும் ஆளில்லை. நான் அளத்துக்குப் போய்விடுவேன், அவர் சுவரைப் பார்த்துக் கிடப்பார். அப்போதுதான் அந்த வாட்ஸ்அப் குரூப் வந்தது. கண் விழித்தால் "வணக்கம் தலைவரே" என்று ஒரு கூட்டம். அது அவருக்குக் கஞ்சியைவிட ருசித்தது. முதலில் சாமி படம் வந்தது, பிறகு முஸ்லிம் கடையில் வாங்காதே என்று வந்தது. நான் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் உள்ளே போனார்.

சித்திரையில், உப்புக் கடை வைத்திருக்கும் நூருல்லா பாய் எங்கள் அளத்தில் உப்பு வாங்க வந்தார். உப்பு வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்து, கசக்கிறதா என்று தரம் பார்த்துவிட்டு ஓரமாகத் துப்பினார். கைத்தடியோடு வந்திருந்த என் வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்து, உப்பில் எச்சில் துப்புகிறான் என்று குரூப்பில் போட்டார்.

பாயின் லோடு விற்காமல் திரும்பி வந்தது. மறுநாள் பாய் கடைக்குப் போய் ஒரு கை பார்ப்பது என்று குரூப்பில் பேசிக்கொண்டார்கள். முன்னால் நிற்கப்போவது இவர்தான்.

அன்று சாயந்திரம் ஒரு கல் உப்பை அவரிடம் நீட்டினேன்.

"கசக்குதான்னு பாருய்யா."

பழகிய கை வாங்கியது. நாக்கில் வைத்தார், வாசல் பக்கம் திரும்பித் துப்பினார். பிறகு துப்பிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் அம்சவள்ளி. தெரிஞ்சேதான் போட்டேன். எத்தினி பேரு என்னப் பாராட்டுனாங்க தெரியுமா?"

நாக்கு நுனிவரை வந்த திட்டு இறங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

"அப்ப நீயே சொல்லு அவங்ககிட்ட," என்றேன்.

போனை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்து குரூப்பில் போட்டார். "நானும் இப்படித்தான் துப்புவேன். பாய் மேல தப்பில்ல. பொய் சொன்னது நான்தான்."

துரோகி என்று திட்டி அவரை குரூப்பிலிருந்து நீக்கினார்கள். ஆனால் இந்த வீடியோவும் ஊரெல்லாம் சுற்றியதால் பாய் கடையில் கைவைக்க யாரும் போகவில்லை. அதற்குப் பிறகு காலையில் போன் சத்தமே இல்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பாயைத் தேடிப் போனேன்.

"காலேஜ்ல எம் பொண்ணு ஃபாயிசாகிட்ட நான் துப்புற அந்த வீடியோவக் காட்டிச் சிரிச்சிருக்காங்க. அழுதுகினே வந்துச்சு. நான் அவரு மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்?"

"கேக்க எனக்கு வாயில்ல பாய். ஆனா அவர வேலைக்கின்னு யாரும் கூப்பிடலன்னா, நாளைக்கி வேற எவனாச்சும் வேற எதுக்காச்சும் கூப்பிடுவான். போயிடுவாரு."

பாய் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை.

அடுத்த வாரம் பாய் எங்கள் வாசலில் வந்து நின்றார். சிரிக்கவில்லை, உள்ளேயும் வரவில்லை. கையில் கொஞ்சம் உப்பு இருந்தது.

"மேஸ்திரி, கசக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. லோடு ஏத்தணும்."

இவர் தடியை ஊன்றி எழுந்து வந்து ஒரு கல்லை நாக்கில் வைத்தார். கண் கலங்கியது. பாயின் முன்னால் துப்ப முடியாமல் வாயை மூடிக்கொண்டே நின்றார்.

பாய் வாசலை விட்டு ஓரமாக ஒதுங்கினார்.

"துப்புங்க மேஸ்திரி," என்றார்.