இரண்டு பேருக்குக் குறைந்து சோறு இல்லை

பசியோடு விழித்தேன். என் மனைவி ரெமே இறந்தபின் அப்படி விழித்ததில்லை.

கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தேன். புரண்டால் போய்விடும் போலிருந்தது. ஜூனிலிருந்து நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். வேளைக்கு எதையாவது வாயில் போட்டு விழுங்கினேன். ஆனால் இது வேண்டும் என்று எதையும் நினைத்ததில்லை. சாப்பாட்டை மட்டும் சொல்லவில்லை. அன்று காலை ஒன்று வேண்டியிருந்தது. சோறு. மீன் சாற்றில் வெந்த சோறு, அவள் ஊர்ப்பக்கம் செய்வதுபோல.

சரகோசாவில், எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாயெல்லா என்று ஒன்று செய்வேன். அவள் சட்டியை எட்டிப் பார்ப்பாள். "இதுவா பாயெல்லா? சாமான் போட்ட சோறு. ஒருநாள் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன் பாரு" என்பாள். கடற்கரை ஊரான பெனிடோர்மில் அறை பதிவு செய்ததும் அவள்தான். பிப்ரவரியில், பாதாம் மரங்கள் பூத்திருக்கும்போது போகலாம் என்றாள். ரத்து செய்ய எனக்கு ஞாபகம் வரவில்லை. நாள் வந்தது, ரயில் ஏறினேன்.

சன்னலைத் திறந்தேன். கடலைக் காணவில்லை. எதிரே இருந்த நாற்பது மாடிக் கட்டடம் ஐந்தாவது மாடியோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே வெள்ளையாகப் பனிமூட்டம். வெகு உயரத்தில், எதையும் தொடாமல், ஒரு பால்கனி மட்டும் மிதந்தது. அதில் ஒரு சிவப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

கீழே வரவேற்பறையில் இருந்த பையனிடம், நல்ல சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"எங்க பஃபேலயே பாயெல்லா உண்டு சார். ராத்திரியும் உண்டு."

ரெமேயின் ஊரில் சோறு மதியத்துக்கு மட்டும்தான்; ராத்திரியில் தின்கிறவர்களை அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கடற்கரைச் சாலையில் முதியவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் அரசாங்கம் அவர்களை நாடெங்கிலுமிருந்து பேருந்து பேருந்தாக இங்கே அனுப்புகிறது. ஒலிபெருக்கியிலிருந்து மெதுவான பாட்டு வந்தது. பனியில் முகங்கள் தெரியவில்லை. காலணிகள் மட்டும் ஜோடி ஜோடியாகச் சுற்றின. நான் அவற்றுக்கு நடுவே, பசியைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஆங்கிலேயர்களின் பீர்க்கடைகள். பெல்ஜியக்காரர்களின் உருளைக்கிழங்குக் கடை. பிறகு வாசலில் பலகை வைத்த ஓர் உணவகம். பலகையில் பதினாறு பாயெல்லாக்களின் படம், எல்லாம் ஒரே மஞ்சள். வாசலில் நின்றவன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். இழுப்பதற்குச் சுலபமான ஆள் நான். உட்கார்ந்தேன். தண்ணீர் வருவதற்குள் சோறு வந்துவிட்டது. ஓரம் கொதித்தது, நடுவில் பனிக்கட்டி. அதன் வாசனை மேலே வந்ததும் வயிற்றுக்குள் ஏதோ சுருங்கி ஒளிந்துகொண்டது. பயந்துபோனேன். கரண்டியைத் தொடாமல் பணத்தை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். தெரு முனையில் நின்று மூச்சுவிட்டேன். பசி போய்விட்டதா என்று பார்த்தேன். இருந்தது. மெல்லியதாக, ஆனால் இருந்தது.

முனையில் லாட்டரிச் சீட்டு விற்கும் கூண்டு இருந்தது. உள்ளே ஒரு பெண் கையுறை போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன்.

"நீங்க நம்ம நாட்டுக்காரர்தானே? இதைப் போய்க் கேக்கறீங்க?"

"சரகோசா."

"அதான். கடலைப் பாத்துக்கிட்டே சாப்பிடற இடத்துக்குப் போகாதீங்க. படம் போட்டிருந்தா போகாதீங்க. உங்களைப் பாத்துச் சிரிச்சாங்கன்னா கண்டிப்பா போகாதீங்க." கையுறை விரலால் மேட்டுப் பக்கம் காட்டினாள். "டயர் கடைக்கு அடுத்த கதவு. பேர் போட்டிருக்காது. சல்வதோரான்னு கேளுங்க. சிரிக்கவே மாட்டா."

மேடேறினேன். ஏற ஏறப் பனி கனத்தது. கட்டடங்கள் முடிந்து, ரப்பர் வாடை வந்தது. அடுத்த கதவைத் தள்ளினேன்.

ஆறு மேசைகள். தரையில் கசக்கிப் போட்ட காகிதக் கைத்துண்டுகள். ஒரு மேசையில் நான்கு பேர் டோமினோ ஆடினார்கள். இன்னொன்றில் ஒரு கிழவர் தனியாகப் பயறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து மீன் தலைகள் கொதிக்கும் வாசனை வந்தது. வயிறு சத்தம் போட்டது.

அறுபது வயதிருக்கும் பருத்த பெண் ஒருத்தி கையில் அகப்பையோடு வந்தாள். சிரிக்கவில்லை.

"எத்தனை பேரு?"

"நான் மட்டும். சோறு வேணும்."

"ஒருத்தனுக்குப் பயறு இருக்கு. மீன் வறுத்துத் தரேன். சோறு ரெண்டு பேருக்குக் குறைஞ்சு கிடையாது, ராசா."

"ரெண்டு பேருக்கே போடுங்கம்மா."

"நீ பாதியைத் தின்னுட்டு எழுந்து போவ. மிச்சத்தை யாரு கொட்டறது? என் கையால ஆக்கினதை என் கையால நான் கொட்டினதில்ல."

"எனக்கும் இதே பாட்டுதான் தம்பி" என்றார் பயறு சாப்பிட்ட கிழவர். "வந்த நாள்லேர்ந்து கெஞ்சறேன். பயறையே குடுக்கறா. ஊர்ல என் பொண்டாட்டியும் பயறுதான் போடறா. அதுக்கு எதுக்கு நான் சோரியாவுலேர்ந்து பஸ்ல வரணும்?"

"பொண்டாட்டியைக் கூட்டிட்டு வாங்க, சோறு போடறேன்னு சொன்னேன்ல?"

"அவ எங்க வர்றா? அங்க கடற்கரையில பனியில எவன்கூடயோ ஆடிக்கிட்டிருக்கா." அவர் எழுந்தார். கழுத்தில் செருகிய கைத்துண்டோடு என் மேசைக்கு வந்து, எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். "நீயும் ஒத்தை, நானும் ஒத்தை. சேர்த்தா ரெண்டு. என்ன முதலாளியம்மா, கணக்கு சரிதானே? என் பேரு சத்தூரியோ, தம்பி."

நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன். "என் மனைவி வர்றா."

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

சத்தூரியோ கையை எடுத்துக்கொண்டார். சல்வதோராவின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "அதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று எதிரே ஒரு கண்ணாடிக் குவளையையும் கரண்டியையும் வைத்தாள். "அவ வந்து உட்காரட்டும், அப்பதான் அரிசி போடுவேன். அதுக்கு முன்னால மாட்டேன். சோறு இறங்கும்போது ரெண்டு பேரும் நாற்காலியில இருக்கணும். ஆறிப்போச்சுன்னா என்னைத்தான் குறை சொல்வீங்க."

அவள் உள்ளே போனாள். நான் மேசையில் இருந்த ஓர் ஒலிவக்காயை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் என்று சொல்வது கடினம். முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு இல்லை. கதவின் கண்ணாடியில் பனி ஒட்டியிருந்தது. அவ்வப்போது அதில் ஒரு நிழல் திரண்டு, கலைந்து போகும். ஒருமுறை கதவு திறந்தது. வெள்ளையாகக் கொஞ்சம் உள்ளே வந்தது, அதன் பின்னால் டயர் கடைக்காரன் வந்தான். அந்த இடைவெளியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்தால் எப்படி வருவாள் என்று எனக்குத் தெரியும். மேல்கோட்டைக் கழற்றாமலே உட்காருவாள். "கதவுக்கு நேராவா இடம் பிடிச்ச? உனக்குக் குளிராதா?" என்பாள். மூக்கு நுனி சிவந்திருக்கும். சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி ஒருமுறை முகர்வாள். "திருக்கை போட்டிருக்காங்க" என்பாள். சரியாக இருக்கும்.

"எங்கேர்ந்து வர்றா உன் சம்சாரம்? உங்க ஊர்லேர்ந்து நடந்தா?" என்றார் சத்தூரியோ தன் மேசையிலிருந்து.

"ஓட்டல்லேர்ந்து. தலை காய வெச்சுக்கிட்டிருப்பா."

"அப்ப ராத்திரி ஆயிடும். பேரென்ன?"

"ரெமே."

"என்ன பண்றா?"

"பள்ளிக்கூடத்துல பாட்டுச் சொல்லித்தர்றா. சின்னப் பசங்களுக்கு."

"உனக்குப் பாடுவாளா?"

"குளிக்கும்போது பாடுவா. பாதியில நிறுத்திடுவா. மிச்சத்தை நான் முடிக்கணும்."

எவ்வளவு சுலபமாக வந்தது. சொல்லித்தருகிறாள், பாடுவாள், நிறுத்திவிடுவாள். அவள் ஓட்டல் அறையில் இருந்தாள். தலையைத் துவட்டினாள், மின்தூக்கியில் இறங்கினாள், ஆடும் காலணிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு வந்தாள். மேடு ஏறினாள். இன்னும் கொஞ்ச தூரம்தான். நான் அவளை அவசரப்படுத்தவில்லை.

டோமினோக்காரர்கள் எழுந்து போனார்கள். சமையலறை வாசனை கனத்து, அடர்த்தியாகி, கைக்குட்டைபோல என் முகத்தில் படிந்தது. பசி வலியாக மாறியிருந்தது. அந்த வலி பிடித்திருந்தது. ஆனால் ஒன்று புரிந்தது: அவள் வந்துகொண்டிருக்கும்வரை அரிசி சட்டியில் விழாது.

சல்வதோரா வாசலில் நின்றாள். "ராசா, மூணரைக்கு நான் அடுப்பை அணைச்சிடுவேன். போன் பண்ணிப் பாரு."

செல்பேசியை எடுத்தேன். அவள் எண் இருந்தது. அதைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். கண்ணாடியில் நிழல் எதுவும் இல்லை. பேசாமல் எழுந்து போய்விடலாம். இவர்களுக்கு அவள் தாமதமாக வரும் ஒரு பெண்ணாகவே இருந்துவிடுவாள். ஓட்டலுக்குப் போய்ப் படுத்தால் பசி அடங்கிவிடும். மறுபடி வருமா என்று தெரியாது.

"அவ வர மாட்டா" என்றேன்.

"சண்டையா?"

"இல்ல. இறந்துட்டா."

அந்தச் சொல்லை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடங்களில் என் அண்ணன் சொன்னான், அவள் தங்கை சொன்னாள். என் வாயில் அது சாதாரணமாக இருந்தது.

"எப்ப?"

"ஜூன்ல."

சல்வதோரா அகப்பையைத் தாழ்த்தினாள். "ஜூன்ல போனவளுக்காகவா நான் இவ்வளவு நேரம் சாறைக் கொதிக்க விட்டுட்டு நிக்கறேன்?"

"ஆமாம்மா."

"வத்திப் போச்சுடா! உப்புக் கரிக்கப் போகுது!"

சத்தூரியோவுக்குப் புரையேறியது. என் மூக்கு வழியாகவும் ஏதோ சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா, தெரியாது. அவள் இருவரையும் மாறி மாறி முறைத்தாள். பிறகு கிழவரிடம், "என்ன வேடிக்கை பாக்கறீங்க? நாற்காலியை இழுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் வந்தார். ஆனால் உட்காரவில்லை. கைத்துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உட்காரட்டுமா தம்பி?"

உள்ளே அரிசி சட்டியில் விழும் சத்தம் கேட்டது. மழை தொடங்குவதுபோல.

"உட்காருங்க" என்றேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டது, அவ்வளவுதான். "பயறு சாப்பிட்டாச்சே உங்களுக்கு?"

"பயறு ஒதுங்கி வழி விட்டுடும். நல்ல சுபாவம் அதுக்கு."

அடுப்பில் வெந்தது. பிறகு சல்வதோரா மேலே செய்தித்தாளைப் போட்டு மூடிவைத்தாள். என் பசியைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. சொன்னதோடு அதுவும் போய்விட்டது போலிருந்தது. தட்டையான அகலச் சட்டி மேசைக்கு வந்தபோது நான் எதையும் உணரவில்லை. சோறு விரல்கனம்கூட இல்லை. மஞ்சள் இல்லை, பழுப்பு. சட்டியிலிருந்தே தின்ன வேண்டும், தட்டு கிடையாது. சல்வதோரா கரண்டி விளிம்பால் சோற்றின் நடுவே ஒரு கோடு கிழித்தாள்.

"இந்தப் பக்கம் இவன். அந்தப் பக்கம் நீங்க. கோட்டைத் தாண்டினா கையில போடுவேன்."

முதல் கரண்டியில் உப்பு தெரிந்தது. அவள் பயந்தபடியே. இரண்டாவதில் மீன் வந்தது. திருக்கை. பிறகு காய்ந்த மிளகாயின் இனிப்பு, குங்குமப்பூ, வதக்கிய பூண்டு, அதற்கும் கீழே கடல், காலையிலிருந்து எங்குமே தென்படாத கடல். ரெமே சொன்னது இதுதானா? எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. மூன்றாவது கரண்டிக்கு என் கை தானாகப் போனது. பிறகு நான் எண்ணவில்லை.

கிழவர் வேகமாகத் தின்றார். நான் அவரைவிட வேகமாகத் தின்றேன். வெளியே பனி நகரத்தொடங்கியிருந்தது போல, கதவுக் கண்ணாடியில் வெளிச்சம் மாறியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோடு கரைந்து மறைந்தது. சட்டியின் அடியில் கறுப்பும் பொன்னுமாகக் காந்தல் தெரிந்தது. முழுச் சோற்றின் சாரமும் அங்கேதான் ஒட்டியிருந்தது. சத்தூரியோவின் கரண்டி மெல்ல, எங்கோ பார்ப்பதுபோல, என் பக்கம் வந்து சுரண்டியது.

"பெரியவரே. அது என் பக்கம்."

"கோடு எங்க இருக்கு? காட்டு."

"இங்க இருந்துச்சு."

"அதை நீதான் தின்னுட்ட."

என் கரண்டியால் அவர் கரண்டியைத் தடுத்தேன். அவர் தள்ளினார். எழுபத்தைந்து வயதுக்குப் பலமான கை. நான் விடவில்லை. இரும்பில் இரும்பு கிரீச்சிட்டது.

"என்னடா சத்தம் அங்க?" என்று உள்ளேயிருந்து கத்தினாள் சல்வதோரா.

"காந்தலைக் குடுக்க மாட்டேங்கறான் இவன்!"

"குடுக்க மாட்டேன்" என்றேன். சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.