காவல் இ…

என் வீட்டுக்காரருக்குக் கல்லூரியில் 'புள்ளி வாத்தியார்' என்று பெயர். பழைய ஏடுகளில் பூச்சி அரித்த இடம் வந்தால், மூன்று புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கல்யாணமான புதிதில் மனிதர் இப்படி இல்லை. அரித்த இடத்தை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்ப்பார். இன்ன சொல்தான் என்று அடித்துச் சொல்வார். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காகத்தான் போரின்போது பட்டாளத்து அலுவலகம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. எதிரியின் தந்திகளை ஒட்டுக்கேட்டு எழுதும்போது எழுத்துகள் விட்டுப்போகும். அவற்றை நிரப்புவது இவர் வேலை. திரும்பி வந்தவர் புள்ளியைப் பிடித்துக்கொண்டார்.

முப்பது வருஷம் ஒரே ஏட்டு நூலோடு மல்லுக்கட்டினார். சுத்தப் பிரதி முழுக்க என் கைதான்; என் முதுகு போனதும் அதில்தான். கடைசியில், ஓட்டைகளை அடைத்துத் தந்தால் அச்சிடுகிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பதிப்பகத்தார் எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கெடு. இவரோ பிடித்த பிடியை விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஓரிடத்தில் பென்சிலால் நானே ஒரு சொல்லைப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

ஈரத் தலையோடு வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கும் இப்படித்தான் கச்சிதமா உக்காந்துச்சு," என்றார். "'பாலத்தில் காவல் இ', அதோட தந்தி அறுந்துபோச்சு. நான் 'இல்லை'ன்னு போட்டேன். அது 'இரட்டிப்பு'ன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. நான் போட்டதை நம்பித்தான் உன் தம்பியோட படையை அந்தப் பாலத்துக்கு அனுப்பினாங்க."

என் தம்பி. அம்மா போன பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் படத்துக்கு இத்தனை வருஷமும் தூசி தட்டியது இந்த மனிதர்தான்.

அவன் செத்துப்போன கடிதம் வந்த அன்று கண்ணீரில் எனக்கு எழுத்தே தெரியவில்லை. அப்போது வீடு திரும்பியிருந்த இவர்தான் படித்துக் காட்டினார். துளி வலியும் இல்லாமல் உயிர் பிரிந்தது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துத்தான் இவ்வளவு காலத்தையும் ஓட்டினேன். கடிதம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

"வலியில்லாம போனான்னு படிச்சீங்களே, அது கடுதாசியில இருந்துச்சா?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"அதுதான் நான் கடைசியா நிரப்பினது."

பென்சில் சொல்லை அழித்து, அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்தேன். நூல் வராது என்று பதிப்பகத்துக்கு நானே எழுதிப் போட்டேன்.