கோணல் கண்ணாடியும் ஒரு நேரான நடையும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், டைல்ஸ் கடை முதலாளி திருந்திவிட்டார். நீதிமன்றம்தான் நம்ப மறுத்தது. ஆகவே, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்கான சீர்திருத்த வகுப்பின் கடைசி நாளன்று, சலவைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சான்றிதழ் கிடைத்தால்தான் லைசென்ஸ் திரும்ப வரும். லைசென்ஸ் வந்தால்தான் மைத்துனன் ஓட்ட, பக்கத்தில் மூட்டை மாதிரி உட்கார்ந்து போகிற அவமானம் தீரும்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற தையற்காரர் மேல் காரை ஏற்றியதில் அவருக்கும் வருத்தம்தான். பம்பர் புதுசு.

ஆலோசகர் அம்மா மேசையிலிருந்து ஒரு தடித்த கண்ணாடியை, ஏதோ கிரீடத்தை எடுப்பதுபோல் எடுத்தார்.

"இதை மாட்டினா, குடிச்ச மாதிரியே எல்லாம் ஆடும். மாட்டிக்கிட்டு இந்தக் கோட்டு மேல நடங்க."

லாரி டிரைவர் சுவரில் முட்டினார். பேங்க் மேனேஜர் தண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"புரிஞ்சுதா?" என்று பூரித்துப்போன அம்மா இருவருக்கும் அங்கேயே சான்றிதழை நீட்டினார். விழுந்தவனெல்லாம் பாஸ்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "நகருங்கய்யா, கேவலமா இருக்கு."

மாட்டிக்கொண்டார். தரை சரிந்தது, கோடு இரண்டானது. அவருக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நூல் பிடித்தாற்போல் நடந்து, திரும்பி, மறுபடி நடந்து வந்து நின்றார். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

அம்மாவின் முகம் தொங்கியது. "எப்படிங்க?"

"ரெண்டு கோடு தெரியும்மா. இடப்பக்கம் இருக்கே, அதுதான் நெசம். இருபது வருஷ சர்வீஸ்!"

"அப்போ அந்த பஸ் ஸ்டாப்?"

"அன்னிக்கு ஏதோ ஞாபகத்துல வலப்பக்கத்தை நம்பிட்டேன்."

அம்மா அவருடைய சான்றிதழை இழுப்பறையில் போட்டு மூடினார். "திங்கக்கிழமை வாங்க. முதல் வகுப்புலேருந்து."

வாசலில் மைத்துனன் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தான். "என்ன மாமா, பாஸா?"

"நடையில நான்தாண்டா ஃபர்ஸ்ட். மத்தவனெல்லாம் பொத்து பொத்துனு விழுந்தான்."

"லைசென்ஸு?"

"வாயை மூடிட்டு ஓட்டுடா."

வண்டி அந்த பஸ் நிறுத்தத்தைத் தாண்டியது. அன்று கார் மோதி வளைந்த தூணை இன்னும் நிமிர்த்தவில்லை. முதலாளி கார்க் கண்ணாடியை இறக்கி, ரோட்டின் வெள்ளைக் கோட்டை விட்டு விலகுவதாக மைத்துனனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

தையற்காரருக்கு வலது கை இன்னும் மடங்கவில்லை.