இடுப்பளவு மேலே

அன்று காலை அந்த வாசலில் இருந்தவர்கள்: முக்காலிக் கருவியோடு சர்வேயர், அளவுகோல் பிடிக்கும் பெரியவர், தையல்காரி, லோடுமேனாக இருக்கும் அவள் கணவன், கட்டிலோடு வெளியே வந்துவிட்ட மாமியார். பிறகு, சுவரில் சாய்த்துவைத்த வாசல் கதவு.

கதவை முந்தின நாளே கணவன் கழற்றிவிட்டான். எப்படியும் காலி பண்ணச் சொல்லப்போகிறார்கள், நல்ல மரமாவது மிஞ்சட்டும் என்று.

ஆற்றிலிருந்து மேடேறிப் போகும் ஊர் அது. மழை வந்தால் மேட்டுத் தெரு போர்த்திக்கொண்டு தூங்கும். பள்ளத் தெரு பாத்திரங்களைப் பரணில் ஏற்றும். பள்ளத்துக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். தையல்காரியின் வீடு சரிவின் நடுவே, இரண்டிலும் சேராமல் நின்றது. வெள்ளக் கோட்டுக்குக் கீழே வரும் வீடுகள் இனி இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது.

சர்வேயர் கணக்குப் போட்டார். இரண்டரை அடி தாழ்வு என்றார். தன்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று மாமியார் அறிவித்தார். ஏற்கெனவே தூக்கித்தான் வைத்திருந்தார்கள்.

எதை வைத்து அளந்தீர்கள் என்று தையல்காரி கேட்டாள். பெரியவர் குழாயடிக் கல்லைக் காட்டினார். ஊரின் உயரத்துக்கெல்லாம் அதுதான் ஆதாரமாம். சோப்பு நுரையைத் துடைத்து, அதில் செதுக்கியிருந்த உயர எண்ணைக் கண்டுபிடித்தது தான்தான் என்று பெருமையாகச் சொன்னார்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்புவரை அது ஆற்றோரம் கிடந்த கல். வழுக்குகிறது, அங்கே போய்த் துவைக்க முடியவில்லை என்று அவள்தான் அவனை நச்சரித்தாள். அவன் அதைப் பெயர்த்து மேலே உருட்டிக்கொண்டு வந்தான். அதிலிருந்த எண் யாரோ வேலையற்றவன் செதுக்கியது என்று நினைத்தார்கள்.

கணவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். அரசாங்கக் கல்லைத் தொட்டால் கேஸ். கேஸ் என்றால் கோர்ட்டுக்கு அலையலாம். வீடு போனால் எங்கே அலைவது என்று நினைத்தாள் அவள்.

“சார், அந்தக் கல்லு முன்ன ஆத்தோரம் இருந்துச்சு. நான்தான் மேல கொண்டுவரச் சொன்னேன்.”

சர்வேயர் பேனாவை மூடினார். “எவ்வளவு மேல?”

“இவரு இடுப்பளவு இருக்கும்.”

“அன்னைக்குப் போன இடுப்பு சார். இன்னும் சரியாகல,” என்றார் மாமியார்.

சர்வேயர் சிரிக்கவில்லை. பாலத்துத் தூணில் வெட்டியிருந்த பழைய குறியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியாக அளவுகோல் அவள் வாசற்படியில் நின்றது. கோட்டுக்கு ஒரு சாண் மேலே.

அவள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.

“கல்லு சார்?” என்றான் கணவன்.

அவர் நோட்டில் கல்லின் எண்ணைக் கோடு போட்டு அடித்தார். “இனிமே அதை எவன் நம்புவான்? கல்லு ஏறின அளவுக்கு வீடெல்லாம் கணக்குல கீழ இறங்கிடுச்சு. துவைங்க. இன்னும் கொஞ்சம் மேல ஏத்தியிருந்தீங்கன்னா பாதி ஊரைக் காலி பண்ணியிருப்பேன்.”

சர்வேயரும் பெரியவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். கணவன் கதவை மாட்டினான். ஒரு திருகாணி காணவில்லை, மூன்று போதும் என்றான். கட்டிலும் மாமியாரும் உள்ளே போனார்கள். கடைசியில் தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி அவன் போனான். அவள் பின்னாலேயே நுழைந்து, நட்ட நடுப்பகல் என்றும் பார்க்காமல், கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் திருப்பினாள்.