சரிவின் குறுக்கே

வெர்னா புல் வெட்டும் டிராக்டரின் இருக்கையை முன்புறமாகச் சாய்த்து, அதன் அடியில் முறுக்கியிருந்த செப்புக் கம்பியைச் சுட்டிக் காட்டினாள்.

“க்ளெட்டஸ், இதை எடு.”

கணவர் ஹோபர்ட்டின் தம்பி கொட்டகை வாசலைத் தாண்டி வரவில்லை. அண்ணனின் அடக்கத்திற்கென்று அணிந்த கறுப்புக் கோட்டு அவன் தோள்களில் இறுகிக் கிடந்தது. ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்று அந்த இருக்கைக்கு அடியில் உண்டு. சரிவில் புல் வெட்டுகிறவன் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்ப்பான்; குலுங்கும்போதெல்லாம் இருக்கையை விட்டு எழும்புவான்; எஞ்சின் அவிந்துபோகும். அந்தத் தொல்லை வேண்டாமென்று அப்பள்ளத்தாக்கின் ஆண்கள் அங்கே ஒரு கம்பியை முறுக்கி, சுவிட்சை ஏமாற்றி வைத்திருந்தார்கள். ஹோபர்ட்டின் மேல் கவிழ்ந்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

“நான்தான் அண்ணி போட்டுக் கொடுத்தேன்.”

“தெரியும். எடு.”

அவன் குறடோடு உள்ளே வந்து குனிந்தான், வெகுநேரம் நிமிரவில்லை. வெர்னா அவனைப் பார்க்காமல் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திருகிச் சரிபார்த்தாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில்தான் அக்குடும்பத்தின் கல்லறைகள் இருந்தன. புல் வெட்டாத மேட்டுக்குச் சவப்பெட்டியைத் தூக்கிச் செல்வதில்லை. வெட்டுவதற்குக் கூலியாள் வைப்பதும் இல்லை. மே மாதத்தில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறு வருவதற்கு முன்னால் ஹோபர்ட்டே எல்லாவற்றையும் வெட்டி முடித்துவிடுவார். இந்த ஆண்டு பாதியில் நின்றது.

மகன் டேரல் சமையலறையிலிருந்து வந்தான். அண்டை வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த அவரைக்காயும் சோள ரொட்டியும் நிறைந்த தட்டைத் தாயிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் சமதரையாக இடம் இருக்கிறது, இப்போதுகூட ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவன் மறுபடியும் தொடங்கினான். தந்தையைக் கொன்ற சரிவிலேயே தந்தையைப் புதைப்பதை அவனால் தாங்க முடியவில்லை.

“குழந்தை கல்லறை பக்கத்துலதான் படுப்பேன்னு அவர் சொல்லியிருக்கார்” என்றாள் வெர்னா.

“அவர் என்னென்னவோ சொல்லியிருக்கார்மா. மேல ஏறு, கீழ இறங்கு, குறுக்கே மட்டும் போகாதே, கவுந்துடும்னு ஊருக்கே பாடம் எடுத்தவர். யாராவது குறுக்கே ஓட்டினா, வண்டியை நிறுத்தி, ‘டேய், பெட்டிக்கு அளவு குடுத்துட்டியா’ன்னு கத்துவார். அவரே குறுக்கே போயிருக்காரே. புத்தி தடுமாறிடுச்சும்மா. எல்லாரும் அதான் பேசிக்கறாங்க.”

க்ளெட்டஸ் கழற்றிய கம்பியைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான். அவர் ஏன் குறுக்கே போனார் என்றுதான் நேற்று முழுவதும் வெர்னாவும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பனி காய்ந்ததும் அவள் ஏறி அமர்ந்தாள். உருளைக்கிழங்குப் பாத்திகளை அதே வண்டியால் உழுதவள்தான். முன்மூடி நசுங்கிய வண்டி முதலில் நீலப் புகை கக்கியது, பிறகு சீராக ஓடியது. டேரல் பின்னாலேயே நடந்து வந்தான்.

மேட்டின் நடுவே, மற்றவற்றிலிருந்து விலகி, லொரெட்டாவின் சிறிய கல் தனியாக நின்றது. அதன் உச்சியில் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி. ஒரு வாரம்கூட வாழாத அவர்கள் மகள். கல்லுக்குக் கீழே ஹோபர்ட் வெட்டிய தடங்கள் சரிவின் குறுக்கே கிடந்தன. கடைசித் தடம் ஏதோ ஒரு பிராணி தோண்டிய வளையின் வாயில் முடிந்தது.

வெர்னா பிரேக்கை மிதித்தாள். வெட்டிய புல்லை அந்த வண்டி வலப்பக்கமாகத்தான் வீசும். குறுக்குத் தடங்கள் எல்லாவற்றிலும் காய்ந்த புல் பள்ளத்துப் பக்கமே விழுந்திருந்தது. கல்லின்மீது ஒரு துரும்பும் இல்லை.

ஆண்டுதோறும் அவள்தான் தூரிகையும் வாளியுமாக வந்து அந்தக் கல்லைத் தேய்ப்பாள். மேலும் கீழுமாக வெட்டினால் ஏறும்போதோ இறங்கும்போதோ புல் அதன்மேல் சிதறும். பச்சைக் கறை படியும். அவர் கடைசியாகப் புல் வெட்டப் போன அன்று காலை காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “இந்த வருஷமாவது பிள்ளை மேல குப்பையைக் கொட்டாம வெட்டுங்க.” அவர் சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்தார்.

டேரல் அருகில் வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டான்.

“உங்கப்பாவுக்குப் புத்தி தடுமாறலை” என்றாள். “ஊர்ல யார் கேட்டாலும் அதைச் சொல்லு.”

“அப்புறம் ஏன்மா குறுக்கே போனார்?”

அவள் வண்டியை மேட்டை நோக்கி நேராகத் திருப்பினாள். தாழ்ந்த கியரில் ஏறினாள்; சமதரையில் மெல்லத் திரும்பினாள்; கியரை மாற்றாமல் இறங்கினாள். வளையைச் சுற்றியிருந்த புல்லை வெட்டாமல் விட்டாள். கல்லருகே வரும்போதெல்லாம் புல் சாரலாக எழுந்து விழுந்தது. முடித்தபோது எழுத்துகள் தெரியவில்லை. ஆட்டுக்குட்டியின் காதுகள் மட்டும் வெளியே தெரிந்தன.

கீழே வாசலில் ஆண்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேலங்கிப் பையில் கல்லைத் தேய்க்கும் தூரிகை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வெர்னா இருக்கையிலிருந்து சற்றே எழுந்தாள். கம்பி இல்லாத எஞ்சின் அக்கணமே அவிந்தது. அவள் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக அமர்ந்து, தூரிகையைப் பைக்குள் போட்டாள்.