பச்சை மூடி

மூடியை மாற்றியது எனக்கே தெரியாது. இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தாள் சிட்டு.

மடிக்கணினித் திரையில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான் விளையாட்டில் வரும் பக்கத்து வீட்டுக்காரன். வரைந்த முகம், வரைந்த புன்னகை. முகத்துக்குக் கீழே கட்டத்துக்குள் வசனம்: "சிட்டு, உன் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி போட்டுவிட்டார்கள் போலிருக்கிறதே. பச்சை உனக்குப் பிடிக்குமா?"

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிர் வீட்டு மொட்டை மாடியில், வெயிலில் வெளுத்த நீலத் தொட்டியின் தலையில் பளபளவென்று பச்சை மூடி உட்கார்ந்திருந்தது.

"அம்மா, எதிர் வீட்டுத் தொட்டி மூடியை எப்ப மாத்தினாங்க?"

"முந்தாநாள்," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "அந்த ஆள் மேல ஏறி நின்னு அவ்வளவு சத்தம் போட்டான், உன் காதுல விழலையா? எப்படி விழும், நீதான் மாப்பிள்ளைங்களோட இருந்தியே. இன்னைக்கு எந்த மாப்பிள்ளை? டாக்டரா, பாட்டுக்காரனா?"

அவள் வேலை அம்மாவுக்கு எப்போதும் கேலிதான். அக்கா நடத்தும் இணைய இதழுக்குக் கணினியில் ஆடும் காதல் விளையாட்டுகளைப் பற்றி அவள் விமர்சனம் எழுதினாள். விளையாட்டு என்று பெயரே தவிர, கதை படிப்பதுதான். இடையிடையே அவன் கேட்பதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். கதாநாயகி நாம். ஆண்கள் நாலைந்து பேர். ஒவ்வொருவனையும் போய்ச் சேர ஒரு தனிப் பாதை. வாசகிகள் அதை ரூட் என்பார்கள். எந்த ரூட்டில் மனசு கரையும், எதில் கொட்டாவி வரும் என்று பிரித்து எழுத அவளை மிஞ்ச ஆளில்லை.

அதற்குக் காரணம் அவளுடைய ஒரு பிடிவாதம். விளையாட்டு என்ன கேட்டாலும் பொய் சொல்லமாட்டாள். கதாநாயகிக்கு வீட்டில் தன்னைக் கூப்பிடும் செல்லப் பெயரையே வைப்பாள். நான் நானாக இருந்தால்தானே அவன் பேச்சு என்னைத் தொடுகிறதா என்று சொல்ல முடியும் என்று தன் பத்தியில் பெருமையாக எழுதியும் இருக்கிறாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்த விளையாட்டு இன்னும் கடைக்கு வரவில்லை. விமர்சகர்களுக்கு மட்டும் முன்னதாக அனுப்பிய பிரதி. பிழை திருத்துவதற்காக நீங்கள் சொல்லும் பதில்கள் எங்களுக்கு வந்து சேரும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். எல்லோரையும்போல 'சரி' என்று அழுத்தினாள். மற்ற ரூட்டுகளில் தயாராக இருக்கும் பதில்களில் ஒன்றைத் தொட்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் பதிலை நாமே எழுதச் சொல்லி அடிக்கடி வெறும் கட்டத்தை நீட்டினான். உன் ஜன்னலில் என்ன தெரிகிறது? நீலத் தொட்டி, மூடி உடைந்தது. வீட்டில் யாரெல்லாம்? நானும் அம்மாவும். எப்போது தனியாக இருப்பாய்? அம்மா தையல் வகுப்புக்குப் போகும் மாலைகளில். எதற்குப் பயப்படுவாய்? தெரியாதவர்கள் என்னைத் தெரிந்தவர்கள்போலப் பேசுவதற்கு.

கடைசிப் பதில் நினைவுக்கு வந்ததும் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

இன்று காலை அந்த ரூட்டை எழுதியவர் சின்னத் திருத்தம் என்று ஒரு புதுப் பகுதி அனுப்பியிருந்தார். மூடி அதில்தான் வந்தது. இன்னொரு விமர்சகத் தோழிக்குச் செய்தி அனுப்பினாள்: உனக்கும் மூடி வசனம் வந்ததா? உடனே பதில் வந்தது: எந்த மூடி, குக்கர் மூடியா? எனக்குப் புதுப் பகுதி எதுவும் வரலையே.

அவள் கைபேசியைக் கீழே வைப்பதற்குள் அக்கா கூப்பிட்டாள்.

"புதுசைப் பார்த்தியா?"

"அக்கா, இதை எழுதினவர் நம்ம தெருவுக்கு வந்திருக்கார். எதிர் வீட்டு மூடி மாத்தினது கதையில வருது."

அக்கா சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டியா? உனக்குப் பரிசு அனுப்பணும்னு கேட்டாரு, நான்தான் அட்ரஸ் கொடுத்தேன். வழி பார்த்து வெச்சுக்க வந்திருப்பாரு."

"வந்தவர் மணி அடிக்கலையே."

"கூச்சமா இருந்திருக்கும். எழுதறவங்க அப்படித்தான். இங்க பாரு, கடைசி முடிவை நீ ஆடும்போது பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்னு ஆசைப்படறாரு. அதை வீடியோ எடுத்துப் போட்டா நம்ம இதழ் எங்கயோ போயிடும். இன்னைக்குச் சாயந்திரம் வரச் சொல்லியிருக்கேன்."

"இன்னைக்கு அம்மாவுக்குத் தையல் வகுப்பு இருக்கே."

"அதைத்தான் அவரும் சொன்னாரு. அம்மா இருந்தா உனக்குச் சங்கடமா இருக்கும்னு. எவ்வளவு யோசிக்கிறாரு பாரு."

"வகுப்பு பத்தி நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நீதான் சொல்லியிருப்பே."

சொன்னாள்தான், அந்த வெறும் கட்டத்துக்குள். இந்தக் கதைகளில் பெண்ணின் முதல் 'வேண்டாம்' வெட்கம். இரண்டாவது ஊடல். மூன்றாவதைச் சொல்வதற்குள் அவன் மழையில் நனைந்து வாசலில் நிற்பான், அவள் துண்டெடுத்துக் கொடுப்பாள். எத்தனை முறை அந்த இடத்தில் அவளே உருகியிருக்கிறாள். 'வேண்டாம்' என்பதை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு திரும்பிப் போன ஒருத்தனை எந்த ரூட்டிலும் அவள் பார்த்ததில்லை.

கை தன்னால் ஒரு பொத்தானை அழுத்தியது. திரையில் அவன் கண்ணிமைத்தான். "நான் கதவைத் தட்டினால் திறப்பாயா?" கீழே வெறும் கட்டம். அவள் பொய் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

வகுப்புக்கு முன் நூல் வாங்க வேண்டுமென்று அம்மா சீக்கிரமே துணிப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். "யாரோ வர்றாங்களாமே, அக்கா சொன்னா. மேசையைக் கொஞ்சம் ஒதுங்க வையி. பேயடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்காதே."

"அம்மா, இன்னைக்குப் போகாதே."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"சிட்டு, இருக்கியா?" என்றாள் அக்கா கைபேசியில். "ஒரே ஒரு மணி நேரம். எனக்காக."

"அவர் வர வேண்டாம், அக்கா. இந்த ரூட்டைப் பத்தியும் நான் எழுத மாட்டேன்."

"ஒரு பொம்மைப் படத்துக்குப் பயந்துட்டியா?"

"ஆமா."

அக்கா பேச்சைத் தொடர்வதற்குள் இணைப்பைத் துண்டித்தாள். கட்டத்தை வெறுமையாகவே விட்டு மடிக்கணினியை மூடினாள். சாயந்திரம் ஆக இன்னும் நேரமிருந்தது.

வாசலில் மணி அடித்தது.

அம்மா பழக்கத்தில் கதவுப்பக்கம் ஓரடி வைத்தவள் நின்று திரும்பிப் பார்த்தாள். மணி மறுபடியும் அடித்தது, இந்தமுறை மெதுவாக, தெரிந்தவர்கள் அடிப்பதைப்போல.

அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.