வால்கூண்டுக்காரன்

முப்பது முறை குண்டு வீசிவிட்டு உயிரோடு திரும்பியவனுக்கு ஓய்வு உண்டு என்பது எங்கள் படைப்பிரிவின் விதி. 1944 ஆகஸ்டில், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் விமானத்தளத்தில், எங்கள் ஏழு பேர் குழுவில் ஆறு பேர் அந்த முப்பதை முடித்திருந்தோம். கெதின் ப்ராஸர் மட்டும் இருபத்தொன்பதில் நின்றான். மார்ச் மாதம் காதில் சீழ் பிடித்து மருத்துவமனையில் கிடந்தபோது நாங்கள் அவனில்லாமல் ஒருமுறை போய்வந்திருந்தோம்.

வேல்ஸ்காரனான கெதின் வால்பகுதித் துப்பாக்கிக்காரன். விமானத்தின் கடைசியிலுள்ள கண்ணாடிக் கூண்டில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். நான் வழி கணிப்பவன். வரைபடத்தை விட்டுத் தலை தூக்காதவன். வானத்தில் என்ன நடக்கிறது என்பதை காதுக்கருவியில் வரும் அவன் குரல் வழியாகவே அறிந்திருந்தேன்.

மீதமிருந்த ஒரு பறப்பை, ஆள் குறைந்த வேறேதேனும் குழுவோடு போய் அவன் முடித்தாக வேண்டும். அதுதான் எங்களை உறுத்தியது. பீரங்கிக்கு அஞ்சியதைவிட அந்நியக் குழுவுக்கு நாங்கள் அதிகம் அஞ்சினோம். அந்நியரோடு போனவன் திரும்புவதில்லை என்பது, எவரும் நிரூபிக்காத, எவரும் மறுக்கத் துணியாத நம்பிக்கை.

எங்கள் விமானி தார்பர்ன் தேநீர் வேளையில் முடிவைச் சொன்னார்.

"நாம ஆறு பேரும் இன்னொரு தடவ போறோம். கெதினைத் தனியா விடுறதில்ல. முடியாதுங்கறவன் இப்பவே சொல்லிடு."



"ஏன்டா, வீட்டுக்குப் போற வழி மறந்துபோச்சா உங்களுக்கு?" என்றான் கெதின். "உங்க மூஞ்சியப் பாக்காம இருக்கத்தான் நான் வால்லயே உக்காந்திருக்கேன்."

"உன் மூஞ்சியப் பாக்காததாலதான் நாங்களும் பொழச்சுக் கிடக்கோம்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம். என் சிரிப்பு எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. கெதின் என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை உணவுக்கூடத்தில் அவனைக் காணோம். துப்பாக்கிக்காரர்களின் அதிகாரியிடம் போய், புதிதாக வந்த குழுவொன்றில் காய்ச்சலில் படுத்தவனுக்குப் பதிலாகத் தன் பெயரைக் கொடுத்துவிட்டிருந்தான். இலக்கு, வடக்கு பிரான்சில் ஓர் ஆயுதக் கிடங்கு. பத்து மணிக்குப் புறப்பாடு.

தார்பர்னும் நானும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனோம். விமானத்தின் பக்கத்தில் அவன் கனத்த உடையின் பட்டைகளை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?" என்றார் தார்பர்ன்.

"சொன்னா கூடவே வந்துடுவீங்க, ஸ்கிப்பர்."

"இவங்களுக்கு இதான் முதல் தடவ. தெரியும்ல?"

"தெரியும். பழக்கப்பட்டவன் ஒருத்தன் கூட இருந்தா நல்லதுதான?" பிறகு என் பக்கம் திரும்பினான். "உனக்கு பையன் பொறந்தா என் பேரை மட்டும் வெச்சுத் தொலைக்காத. இங்கிலீஷ்காரன் எவனுக்கும் எழுத வராது."

புதுக்குழுவின் விமானி ஓக்ஸ், இருபது வயதுக்காரன், ஓடி வந்தான். "ப்ராஸர் சார், ஏறலாமா?"

"சாரெல்லாம் வேணாம்ப்பா. கெதின். நான் 'இடது'ன்னு சொன்னா ஏன்னு கேக்காம இடதுபக்கம் கவுத்துடு. திட்டணும்னா தரையில எறங்கினப்புறம் திட்டு."

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த விமானம் திரும்பி வந்தது. வால்கூண்டின் கண்ணாடி இல்லை. மருத்துவ வண்டி அதை நோக்கிப் போயிற்று. இறக்கையின் கீழே நின்றபடி ஓக்ஸ் எங்களிடம் சொன்னான்:

"மேகத்துலேர்ந்து ரெண்டு சண்டை விமானம் வந்துச்சு. எங்க ஒருத்தன் கண்ணுலயும் படல, அவர்தான் பாத்தார். இடதுன்னார், கவுத்தேன். வலதுன்னார், திருப்பினேன். மறுபடி மறுபடி வந்தானுங்க. பதினோரு நிமிஷம். நடுவுல ஒருதடவ அவர் குரல் கொஞ்சம் கம்மியாச்சு. 'அடிபட்டிருக்கா'ன்னு கேட்டேன். 'குளுருது, அவ்வளவுதான். நீ முன்னாடி பாத்து ஓட்டு'ன்னார். அவனுங்க விலகிப் போனதும் 'போயிட்டானுங்க'ன்னார். கடலைத் தாண்டும்போது கூப்பிட்டேன். பதில் வரல."

முதல் தாக்குதலிலேயே அவன் வயிற்றில் குண்டு பாய்ந்திருந்தது என்றார் மருத்துவர். அதை அவன் சொல்லியிருந்தால், அந்தப் புதியவர்களில் ஒருவன் தன் இடத்தை விட்டு அவனைத் தூக்க ஓடியிருப்பான். அவனை இழுத்துக் கிடத்தும் வரை விமானத்தின் பின்புறம் பார்வையின்றி இருந்திருக்கும். கெதின் அதைக் கணித்திருந்தான். வீரம் என்பதை ஒரு கணத்தின் எழுச்சியாகவே அதுவரை எண்ணியிருந்தேன். பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஆறு பேருக்காகப் பதினோரு நிமிடம் வலியைக் குரலில் ஏறவிடாமல் காப்பதற்கு, அச்சொல்லில் நான் ஏற்றிவைத்திருந்த பொருள் போதவில்லை.

அவன் உடலை வேல்ஸுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். இரு குழுக்களுக்கும் விடுப்புக் கிடைத்தது. அவனுடையது கற்பலகைச் சுரங்கத்து ஊர். மழை தூறிக்கொண்டிருந்தது. இறந்தவனை அவன் குழு சுமப்பது வழக்கம் என்பதால் நாங்கள் ஆறு பேரும் பெட்டியருகே நின்றோம். ஓக்ஸும் அவன் ஆட்களும் தேவாலய வாசற்கதவோரம் ஒதுங்கி நின்றார்கள்.

தார்பர்ன் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர்களிடம் நடந்து போனார்.

"வாங்கடா. நீங்க தூக்குங்க."

"நாங்க அவர்கூட இருந்ததே நாலு மணி நேரம்தான், சார்," என்றான் ஓக்ஸ்.

"கடைசியில அவன் கூட இருந்தது நீங்கதான். உங்க ஆளு அவன்."

நாங்கள் விலகி வழிவிட்டோம். அந்த ஆறு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். உயரம் ஒத்துவராமல் முன்பக்கம் சாய்ந்தது. சுரங்கத்தில் கல் தூக்கிப் பழகிய கெதினின் அப்பா அருகே வந்து, பின்பக்கம் பிடித்திருந்த ஓக்ஸின் தோளை மெல்ல அழுத்தினார்.

"கொஞ்சம் எறக்கிப் பிடிப்பா," என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல."